கறை இல்லாத சுவர் பொய் சொல்லும்!

- சாத்தாங்காட்டு மாணவன்
மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு



ஆண்டு மலர் என்றாலே கவிதை வரும், நட்பைப் பற்றி ஒரு கட்டுரை வரும், கேன்டீன் டீயைப் பற்றி நாலு ஜோக் வரும். நான் எழுதப் போவது ஒரு சுவரைப் பற்றி. அதுவும் அழுக்குச் சுவர். "இதெல்லாம் ஒரு மேட்டரா?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், அப்புறம் என்னோடு சண்டைக்கு வாருங்கள்.

நம்ம கண்காட்சியில் வருஷா வருஷம் என்ன வைக்கிறோம்? தெர்மோகோல் வீடு, தெர்மோகோல் பாலம், தெர்மோகோல் தொழிற்சாலை. பச்சை வெல்வெட் பேப்பர் ஒட்டினால் புல்வெளி. எல்லாம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நிற்கும். இதில் பாதி, கடையில் ரெடிமேடாக வாங்கி வந்து அடியில் பெயர் எழுதி ஒட்டியது. இது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை. காசு இருப்பவன் வாங்குகிறான், இல்லாதவன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறான்.

என் கருத்து இதுதான்: ஒரு கட்டடத்தின் மாதிரியைச் செய்தால், அந்தக் கட்டடம் எத்தனை மழை பார்த்தது, எந்தக் காற்றில் நின்றது, யார் கையால் தேய்ந்தது என்பதும் அதில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது கட்டடம் இல்லை, கேக்!

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றி இறக்குகிறவர். கண்காட்சிக்கு அவரை அழைத்து வந்தேன். ஒரு தொழிற்சாலை மாடல் முன்னால் நின்றார். வெள்ளைச் சுவர், சிவப்புப் புகைபோக்கி, பஞ்சில் புகை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "நல்லாதான் கீது. ஆனா இன்னாத்துக்குடா இப்டி வெள்ளையா கீது? இதுல யாரும் வேலை செய்யலியா?"

எந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை!

வெளிநாட்டில் ரயில் மாடல் செய்வது ஒரு பெரிய பொழுதுபோக்கு. சின்ன தண்டவாளம், சின்ன ரயில், அதைச் சுற்றி ஸ்டேஷன், குடோன், ஊர். கட்டடங்களைப் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். ஜெர்மனியில் ஃபாலர் என்ற கம்பெனி 1946-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. வாங்கி, ஒட்டி, நிறுத்தலாம். ஆனால் நல்ல கைக்காரர்கள் அதோடு விடுவதில்லை. ஒட்டி முடித்த பிறகுதான் அவர்கள் வேலையே ஆரம்பம். புகைக்கரி, துரு, மழைநீர் வழிந்த கோடு, பாசி, வெயிலில் வெளுத்த பெயிண்ட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தீட்டுவார்கள். இதற்கு 'வெதரிங்' என்று பெயர். நம்ம பாஷையில் சொன்னால், கட்டடத்துக்கு வயசு ஏற்றுவது.

இது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு, நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம்ம ஊரிலும் இது உண்டு நண்பர்களே! நவராத்திரிக் கொலுப் படிக்குப் பக்கத்தில் பார்க் கட்டுகிறார்களே, அது என்ன? கேழ்வரகு முளைக்க வைத்து வயல், கண்ணாடித் துண்டில் குளம், மண்ணைக் குவித்து மலை, அதைச் சுற்றி ஒரு பொம்மை ரயில். புனேயில் ஜோஷி என்ற ஒரு மனிதர் வாழ்நாள் ஆசையாகச் சேர்த்த மாடல் ரயில்களை வைத்து ஒரு மியூசியமே அமைத்தார். 1998-ல் திறக்கப்பட்ட அந்த இடத்தைப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். ஆக, கை நமக்கும் இருக்கிறது. எதைச் செய்வது என்பதுதான் கேள்வி.

நான் சொல்கிறேன்: ராயபுரம் ஸ்டேஷனைச் செய்வோம்!

தினமும் எத்தனை பேர் அந்த வழியாகப் போகிறோம்? எத்தனை பேர் இறங்கிப் பார்த்தோம்? 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது அங்கிருந்துதான். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. சென்ட்ரல் வந்தது 1873-ல், எழும்பூர் ஸ்டேஷன் 1908-ல். பம்பாயில் அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே, 1853-ல் ரயில் ஓடிவிட்டது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து ஸ்டேஷன் கட்டடங்கள் அங்கே இன்றைக்கு இல்லை. இந்தியாவில் இன்னும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களிலேயே பழையது நம்ம ராயபுரம். உயரமான தூண்களோடு ஒரு அரண்மனை மாதிரி இருக்கும். பாழடைந்து கிடந்ததை 2005-ல் புதுப்பித்தார்கள். அதன் மாதிரியைக் கடையில் கேட்டுப் பாருங்கள். ஜெர்மனி கிராமத்து ஸ்டேஷன் பெட்டி வேண்டுமானால் வரவழைத்துத் தருவார்கள். ராயபுரத்தை நாம்தான் செய்ய வேண்டும்.

இதில் நமக்கு ஒரு அதிர்ஷ்டமும் இருக்கிறது. உலகத்தில் அதிகமாக ஓடுவது எச்.ஓ. என்ற அளவு மாடல். அதன் அளவுவிகிதம் 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அது வெளிநாட்டு 1435 மில்லிமீட்டர் கேஜுக்குக் கணக்குப் போட்டது. நம்ம பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர். 1:87-ல் போட்டால் 19.3 மில்லிமீட்டர் வேண்டும், எச்.ஓ. தண்டவாளம் சரிப்படாது. ஆனால் 1:100-ல் போட்டுப் பாருங்கள். 16.76 மில்லிமீட்டர்! எச்.ஓ. தண்டவாளத்துக்கும் அதற்கும் கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 1:100 என்பது நாம் டிராயிங் ஹாலில் தினமும் போடுகிற ஸ்கேல். ஒரு மீட்டர் ஒரு சென்டிமீட்டர். ஏழடிக் கதவு 2.1 சென்டிமீட்டர், ஒன்பது அங்குலச் செங்கல் 2.3 மில்லிமீட்டர், ஐந்தரை அடி ஆள் 1.7 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. கால்குலேட்டர்கூட வேண்டாம்.

பொருளுக்கு என்ன செலவு? மவுண்ட் போர்டு, ஃபெவிகால், பிளேடு, போஸ்டர் கலர். தண்ணீர்க் குழாய்க்கு மெல்லிய எலக்ட்ரிக் வயர். ஜன்னல் கண்ணாடிக்குப் பழைய ஓ.எச்.பி. ஷீட். தகரக் கூரைக்கு ஒரு வழி சொல்கிறேன். அட்டைப்பெட்டியின் நெளிவு இந்த ஸ்கேலுக்கு ரொம்பப் பெரிசு. அலுமினியத் தாளைப் பேன் சீப்பின் பல்லில் வைத்துப் பென்சில் முனையால் தேய்த்துப் பாருங்கள். அச்சு அசலாக நெளி தகரம்! துருவுக்கு? அதற்கு மட்டும் பெயிண்ட் வாங்காதீர்கள். சாத்தாங்காட்டில் பிறந்தவன் துருவைக் காசு கொடுத்து வாங்கினால் ஊர் சிரிக்கும். கழிவு இரும்பில் உதிர்வதைச் சுரண்டி, மெல்லிய துணியில் சலித்தால் மாவு மாதிரி வரும். ஃபெவிகாலைத் தண்ணீராகக் கரைத்துப் பூசி, மேலே தூவ வேண்டியதுதான். மூக்கில் ஒரு கைக்குட்டை மட்டும் கட்டிக்கொள்ளுங்கள்.

வயசு ஏற்றுகிற வேலையை வரிசையாகச் செய்ய வேண்டும். முதலில் புதுக் கட்டடத்தின் கலர். அது காய்ந்ததும் வார்னிஷ் ஒரு கை, இல்லாவிட்டால் அட்டை தண்ணீர் குடித்து வளைந்துவிடும். அடுத்தது, கறுப்பும் பிரவுனும் கலந்து டீத் தண்ணீர் பதத்துக்குக் கரைத்து, பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒரு சொட்டு விட்டுப் பூசுவது. சோப்பு விட்டால் தண்ணீர் முத்து முத்தாக நிற்காது, செங்கல் இடுக்கில் தானாக ஓடி உட்காரும். அப்புறம் ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷால் வெளிர் கலரை மேலாக்கில் தட்டினால், வெயில் பட்ட விளிம்பு தெரியும். கடைசியாக சாக்பீஸ் தூள், அடுப்புக்கரி, துரு. எல்லாம் உதிராமல் இருக்க மினுக்காத வார்னிஷ். முதலில் கட்டியது, அப்புறம் நனைந்தது, அப்புறம் வெளுத்தது, கடைசியில் தூசி படிந்தது. காலம் எந்த வரிசையில் வேலை செய்ததோ அதே வரிசையில் நாமும் செய்கிறோம்.

இப்போதுதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கே பூசுவது? கண்ட இடத்தில் பிரவுனை அப்பினால் அது வெதரிங் இல்லை, சேறு! காரணம் இல்லாமல் ஒரு கறையும் சுவரில் வராது. ஜன்னல் சன்ஷேடின் ஓரத்தில் நீர் சொட்டும் பள்ளம் விடாதவன் சுவரில் மழைக் கோடு கீழே இறங்கும். தரையிலிருந்து ஒன்றிரண்டு அடிக்குச் சுவர் ஊறி, உப்புப் பூத்து, சுண்ணாம்பு உதிர்ந்தால் ஈரத்தடுப்பு சரியில்லை என்று அர்த்தம். தகரத்தில் துரு நடுவில் ஆரம்பிக்காது. ஆணி அடித்த ஓட்டையிலும் வெட்டின ஓரத்திலும்தான் ஆரம்பிக்கும், ஏனென்றால் அங்கேதான் துத்தநாகப் பூச்சு அறுந்திருக்கும். நமக்கு மழை ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து அடிக்கிறது, கடலும் கிழக்கே இருக்கிறது. அதனால் கடலைப் பார்த்த சுவர் ஒரு மாதிரி, மேற்குச் சுவர் வேறு மாதிரி. லிண்டலுக்கு அடியில் கான்கிரீட் வெடித்துக் கம்பி தெரிகிறதா? உப்புக் காற்று உள்ளே போயிருக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், இடம் இல்லாவிட்டால் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வரும்.

இதையெல்லாம் நாம் ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் செய்கிறோம். பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துபோகிறோம். ஒரு சின்ன சுவரில் சின்ன கறையைத் தீட்ட உட்காருங்கள். "இது இங்கே ஏன் வந்தது?" என்று கேட்காமல் பிரஷ்ஷை வைக்கவே முடியாது. ஐந்தாவதோடு நின்ற என் அப்பா ஒரு ஆங்கிளைப் பார்த்ததும் சொல்வார்: "ஆரஞ்சா இருந்தா இந்த மழையில புடிச்சது. கறுத்துப் பொருக்குத் தட்டிச்சின்னா ரொம்ப நாளா கெடக்குது." அவர் படிக்கிற புத்தகம் அது. டிப்ளமோ படிக்கிற நாம் அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டாமா?

"எல்லாம் சரி, நம்ம ஏரியாவை ஏற்கெனவே எல்லாரும் அழுக்கு அழுக்கு என்கிறார்கள். நீ வேறு மாடல் செய்து காட்டணுமா?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கோபம். சினிமாவில் வடசென்னை என்றால் அருவாளும் சாக்கடையும்தான். அதனால்தான் சொல்கிறேன், காரணத்தோடு காட்டு என்று. ராயபுரம் வீட்டுச் சுவர்களில் ஒரு காலத்தில் கரி படிந்து கிடந்தது. அது அங்கே குடியிருந்தவர்களின் சோம்பேறித்தனமா? துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரியின் தூசி. மக்கள் போராடினார்கள், விஷயம் கோர்ட்டுக்குப் போனது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூர்ப் பக்கம் போயின. தூசி நம்மை விட்டுப் போகவில்லை, கொஞ்சம் வடக்கே நகர்ந்தது, அவ்வளவுதான். 2005-ஆம் வருஷத்து ராயபுரம் சுவரைத் தீட்டுகிறவன் கரியைப் போட வேண்டும், இன்றைய சுவரைத் தீட்டுகிறவன் யோசித்துப் போட வேண்டும். வெள்ளையடித்த மாடல் இந்தச் சரித்திரம் முழுவதையும் மறைத்துவிடுகிறது. வெட்கப்பட வேண்டியது கறை பட்டவனா, கறையைப் போட்டவனா?

அதேபோல் நல்லதையும் மறைக்கக் கூடாது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த வாசல், புதுசாக நீலப் பெயிண்ட் பூசின ஒரு கதவு, கோலம், மாடியில் காயும் துணி, டீக்கடை பெஞ்சு, ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பான திண்ணை. இதுவும் வயசுதான். அழுக்கை மட்டும் அப்புகிறவனும் பொய்தான் சொல்கிறான்.

மூர் மார்க்கெட்டைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1900-ல் திறந்த கட்டடம், 1985-ல் எரிந்துபோனது. இப்போது அங்கே நிற்பது சென்ட்ரல் புறநகர் ரயில் முனையம். அதன் நினைவாகப் பக்கத்துப் பூங்காவில் சின்னதாக ஒரு மாதிரி வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் பழைய புத்தகக் கடை எங்கே, கிளிக்கூண்டு எங்கே, பேரம் பேசின கூட்டத்தில் தேய்ந்த படி எங்கே? கட்டடத்தின் உருவம் வந்தது, உயிர் வரவில்லை.

இங்கிலாந்தில் பென்டன் என்று ஒரு மியூசியம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்கிலாந்து என்ற மனிதர் (பெயரே அதுதான்!), 1920-களில் அந்த நாட்டுக் கிராமத்துக் கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்து மனசு கேட்காமல், அவற்றை அளந்து 1:76-ல் அட்டையில் செய்ய ஆரம்பித்தார். செங்கல் செங்கலாகக் கீறி, வாட்டர்கலரில் தீட்டினார்கள். அவர் போன பிறகும் அந்த வேலை நிற்கவில்லை. ஒரு தனி மனிதனின் பிடிவாதம், ஒரு வட்டாரமே அங்கே பத்திரமாக இருக்கிறது.

நம்ம வட்டாரத்தில் மறைகிற கட்டடத்துக்குப் பஞ்சமா? பெரம்பூர் பின்னி மில் 1996-ல் மூடியாச்சு. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்து 2017-ல் நின்றது. விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயரில் ரயில் ஸ்டேஷன் இருக்கிறது, 2021-லிருந்து மெட்ரோவும் அங்கே போகிறது. விம்கோ என்றால் என்ன என்று அங்கே இறங்குகிற பிள்ளையைக் கேளுங்கள், முழிக்கும். நம்ம தாத்தாக்களும் அப்பாக்களும் ஷிப்ட் பார்த்த இடங்களுக்கு ஒரு அடையாளம் வேண்டாமா? அவர்கள் பெயரைக் கல்வெட்டில் யாரும் வெட்டப் போவதில்லை. அவர்கள் தோள் உரசிய கேட்டையாவது நாம் சரியாகத் தீட்டலாமே!

"கம்ப்யூட்டரில் த்ரீ-டி போட்டால் ஒரு ராத்திரியில் முடிந்துவிடும், பிரிண்டரில் அச்சும் எடுக்கலாம்" என்கிறார்கள் சில நண்பர்கள். தாராளமாகப் போடுங்கள், தூண்களை அச்சடியுங்கள், நான் எதிரி இல்லை. ஆனால் சுவர் எங்கே ஊறும் என்று கம்ப்யூட்டர் தானாகச் சொல்லாது. நேரில் போய், சுவரைத் தொட்டு, மழை எந்தப் பக்கம் அடித்தது என்று ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற அம்மாவிடம் கேட்டவனுக்குத்தான் தெரியும்.

ஆகவே நம்ம மாணவர் சங்கத்துக்கு நான் வைக்கிற கோரிக்கைகள்:

ஒன்று. கண்காட்சியில் ரெடிமேட் மாடலுக்கு இடம் கொடுக்கக் கூடாது. நேரில் அளந்த அளவுத்தாள் பக்கத்தில் இருந்தால்தான் மேஜை.

இரண்டு. அடுத்த ஆண்டு சங்கத்தின் சார்பில் ராயபுரம் ஸ்டேஷன் 1:100-ல். ரயில்வேயிடம் முறைப்படி கடிதம் கொடுத்து அனுமதி வாங்குவோம். எட்டாத உயரத்துக்கு, ஒரு மீட்டர் கோலைச் சுவரோடு நிறுத்தி செல்போனில் நேராகப் படம் எடுத்து விகிதம் போடலாம். சிவில் அளக்கட்டும், மெக்கானிக்கல் தூணையும் கூரையையும் செய்யட்டும், எலக்ட்ரிக்கல் விளக்கும் தண்டவாளமும் பார்க்கட்டும். செலவைச் சங்கம் ஏற்கட்டும், யார் வீட்டுப் பிள்ளையும் காசு இல்லை என்று ஒதுங்கி நிற்க வேண்டாம்.

மூன்று. ஒவ்வொரு மாடலுக்கும் பக்கத்தில் ஒரு 'கறைப் பட்டியல்' தொங்க வேண்டும். எந்த இடத்தில் எந்தக் கறை, என்ன காரணம், எப்படித் தடுத்திருக்கலாம். பார்க்க வருகிற நம்ம அப்பா அம்மாவுக்குப் புரிகிற தமிழில்.

நான்கு. வருஷத்துக்கு ஒரு கட்டடம். பத்து வருஷத்தில் பத்து. அப்புறம் யாராவது "வடசென்னையில் என்ன இருக்கிறது?" என்று கேட்கட்டும், கையைப் பிடித்து அழைத்து வந்து காட்டுவோம்.

நாளைக்கு நாம்தான் சைட்டில் நிற்கப் போகிறோம். சூப்பர்வைசராகவோ, ஓவர்சியராகவோ, சொந்தமாக ஒரு கொத்தனார் கூட்டத்தை வைத்துக்கொண்டோ. இருபது வருஷம் கழித்து நாம் கட்டின சுவரிலும் மழை எழுதும். அது என்ன எழுதும் என்பதை இன்றைக்கே ஒரு சாண் அட்டையில் எழுதிப் பழகுவோம். விருப்பம் உள்ளவர்கள் எந்தப் பிரிவானாலும், எந்த ஆண்டானாலும் சங்க அறையில் பெயர் கொடுங்கள். ஒரு பிளேடும் ஒரு பேன் சீப்பும் கொண்டு வந்தால் போதும். துரு என் பொறுப்பு!